மயங்கி விழுந்தவரின் கழுத்து: முதல் பத்து நிமிடத்திலிருந்து தலைச்சுமை தூக்கும் நாள் வரை

வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டு போனாலும் தலை தப்பிக்கும். மயங்கி விழுகிறவருக்கு அந்தக் கை வராது. விழுவதற்கு முன்பே உடம்பு துவண்டுவிடுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கிப் பிடிக்கக் கழுத்துத் தசைக்கும் நினைவில்லை. நெற்றியோ தாடையோ பின்மண்டையோ முதலில் தரையில் மோதும், பின்னாலேயே உடம்பு வந்து சரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அன்றைக்கு "ஒன்றுமில்லை, லேசான அடிதான்" என்று எழுந்து போனவர், மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடப்பது இதனால்தான். தசை இழுபட்ட வலி ஏறுவதற்கு ஒரு நாள் ஆகும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்படி விழும் இடங்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் நீளும் வரிசை, மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டம், திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று பட்டுப்புடவையும் வெறும் வயிறுமாக நிற்கும் காலை நேரம், ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறை. நின்றபடியே இருந்தால் ரத்தம் காலில் தேங்குகிறது, வேர்வையில் நீர் போகிறது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் குறைந்த சில நொடியில் ஆள் சரிகிறார். தரையில் கிடந்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே நினைவு திரும்பிவிடும்.

விழுந்த இடத்தில்

நாலு பேர் சேர்ந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். இரண்டு வகையில் தப்பு. உட்கார வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் மறுபடி குறைந்து மயக்கம் நீளும், கை கால் வெட்டி இழுக்கக்கூடச் செய்யும். கழுத்தெலும்பில் அடி பட்டிருந்தால், துவண்ட தலை தொங்குகிற அந்த நிமிடமே ஆபத்து. கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். கூட்டத்தை விலக்கி, சட்டைப் பொத்தான், இடுப்புத் துணி இவற்றைத் தளர்த்துங்கள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை: 108-ஐ அழைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

மூச்சு இருந்தால் ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு முழங்கைகளையும் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளையும் காதோரமாக வைத்துத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். காதை மூடிவிடாதீர்கள், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். கோணிக் கிடக்கும் தலையை இழுத்து நேராக்கவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே பிடித்தால் போதும். கழுத்து அசையாமல் இருந்தால் இன்னொருவர் இரண்டு காலையும் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கலாம். கன்னத்தில் தட்டுவது, தலையை ஆட்டிக் கூப்பிடுவது, கையில் இரும்புச் சாவி திணிப்பது, முழு நினைவு வருமுன் சோடா புகட்டுவது எதுவும் வேண்டாம். சோடா மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வாந்தி வந்தால் மல்லாந்தபடி விடக் கூடாது. தலைமாட்டில் இருப்பவர் எண்ண, தோளில் ஒருவரும் இடுப்பில் ஒருவருமாகப் பிடித்து, மூக்கும் தொப்புளும் ஒரே திசையைப் பார்க்கும்படி கட்டையை உருட்டுவது போல ஒரே மூச்சில் பக்கவாட்டில் திருப்புங்கள். ஆளில்லாமல் நீங்கள் மட்டும் இருந்தால், ஒரு கையால் தலையைத் தாங்கியபடி எப்படியாவது திருப்பிவிட வேண்டும். மூச்சு முதலில், கழுத்து அப்புறம்.

எழுப்பலாமா, ஆம்புலன்ஸா?

நினைவு தெளிந்ததும் பெயர், இடம், கிழமை கேளுங்கள். தெளிவாகச் சொன்னால், தலையை அசைக்காமல் வாயால் பதில் சொல்லச் சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள்: கை விரல், கால் விரல் எல்லாம் அசைகிறதா? எங்காவது மரத்துப்போயிருக்கிறதா, எறும்பு ஊர்வது போலவோ ஷாக் அடித்தது போலவோ இருக்கிறதா? பிறகு உங்கள் ஒரு விரலால் பின்கழுத்தின் நடுவே, எலும்பு முடிச்சுகளின் மேலேயே, மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். பக்கத்துச் சதையில் வலித்தால் பெரும்பாலும் தசை. நடு எலும்பின் மேலேயே "ஆ" என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு 108-க்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அதே எண்தான்.

வயது 65-ஐத் தாண்டியிருந்தாலும், ஐந்து படிக்கு மேலிருந்தோ மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்தோ விழுந்திருந்தாலும், கை கால் மரத்திருந்தாலும், வலி இல்லாவிட்டாலும்கூட ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியவர்தான். பெரியவர்களுக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே கழுத்தின் இரண்டாம் எலும்பு முறிவதுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது பல நேரம் தப்பிவிடும், சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகப் பிடிபடும். இன்னொரு வகை: தாடை இடித்துத் தலை பின்னால் மடங்கி விழுந்த வயதானவருக்குக் கால் நன்றாக நடக்கும், ஆனால் கை மட்டும் பலமிழந்திருக்கும். சோற்றைப் பிசைய வரவில்லை, பொத்தான் போட வரவில்லை என்றால் அதை முதுமை என்று தள்ளாதீர்கள். தண்டுவடம் நசுங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

குடித்துவிட்டு விழுந்தவர் "வலியே இல்லை" என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். போதையில் கழுத்து பொய் சொல்லும். புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறார், நடு எலும்பில் வலி இல்லை என்றால் படுத்தபடியே தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் அவராகவே திருப்பட்டும். முகவாய் தோளை நோக்கிப் பாதித் தூரம், அதாவது 45 டிகிரி, இரண்டு பக்கமும் போனால் எழுப்பலாம். நீங்கள் பிடித்துத் திருப்பக் கூடாது. எழுப்பும்போது முதலில் ஒருக்களித்து, பிறகு உட்கார்ந்து இரண்டு நிமிடம், அப்புறம் நிற்பது. சட்டென்று நிறுத்தினால் மறுபடி விழுவார். இரண்டாவது விழுகை முதலாவதைவிட மோசமாக முடியலாம்.

அன்றிரவு கூட ஒருவர் இருக்க வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான். அசிட்ரோம், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாக இருந்தாலும் அன்றே காட்டுங்கள். மூளைக்கு மேல் மெல்லக் கசியும் ரத்தம் நாட்கள், வாரங்கள் கழித்தும் தன்னைக் காட்டும். ஒரு பக்கக் கழுத்தில் புதுவிதமான, பிளப்பது போன்ற வலியும் கூடவே கண்ணிமை தொங்குவதோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ, தள்ளாட்டமோ வந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அதுவும் அவசரம்தான். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கின்றன. எது பக்கமோ அங்கே போங்கள். பெரிய இடம் தேடி டூவீலரில் நடுவே உட்கார வைத்துக்கொண்டு போவதைவிட ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது நல்லது.

முதல் இரண்டு நாள்

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், இருப்பது தசை வலி. இனிமேல்தான் வீட்டு வைத்தியத்தில் தவறுகள் நடக்கும்.

ஐஸ் கட்டியைக் கைத்துண்டில் சுற்றி, வலிக்கிற பக்கத்துச் சதையில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். பழைய பால் பாக்கெட்டில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி உறைய வைத்ததையும் இப்படியே துண்டில் சுற்றி வைக்கலாம். வெறும் ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போல் ஆகிவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால், பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர், தினம் குடிப்பவர், மிக மெலிந்த பெரியவர் அதைவிடக் குறைவாக, மருத்துவரிடம் கேட்டு. டோலோ போட்டுவிட்டு மேலே சளி மாத்திரையும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு மடங்காகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெடிக்கலில் "கழுத்து வலி" என்று சொல்லி வாங்கும் செட் மாத்திரை வேண்டாம். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருந்தால், தலையில் அடிபட்டவருக்கு முதல் ஓரிரு நாள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்; வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எப்போதுமே ஆகாது. தசையைத் தளர்த்தும் மாத்திரை இருந்தால் தூக்கமும் தலைச்சுற்றலும் வரும். ஏற்கெனவே மயங்கி விழுந்தவருக்கு அது எதற்கு?

கழுத்துப் பட்டையும் வேண்டாம். பட்டை போட்டால் வலி அடங்கியது போலிருக்கும், ஆனால் நாலைந்து நாளில் தசை வேலையை மறந்து விறைத்துவிடும். கழற்றும்போது முன்னைவிட அதிகம் வலிக்கும். எலும்பு முறிவுக்கு மருத்துவர் போடச் சொல்லும் பட்டையின் கதை வேறு. அதை நீங்களாகக் கழற்றவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, சுளுக்கு வழிக்கிறவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள். சலூனில் முடி வெட்டியபின் தலையைப் பிடித்து "டக்"கென்று நெட்டி முறிப்பார்களே, அதுவும் கூடாது. கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள் புகுந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டு இருக்கின்றன. விழுந்த அடியில் அவற்றின் உட்சுவர் லேசாகக் கீறியிருந்தால், அந்த ஒரு திருகலில் பக்கவாதம் வரை போகும். சத்தம் வந்தால் சுளுக்கு விட்டது என்று அர்த்தமில்லை, மூட்டு நீருக்குள் காற்றுக் குமிழி உண்டாகும் சத்தம் அது.

படுப்பதும் எழுவதும்

மல்லாந்து படுத்தால் மெல்லிய தலையணை ஒன்று. ஒருக்களித்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு உயரம். "தலையணையே வைக்காதே" என்பது ஒருக்களித்துப் படுக்கிறவருக்குப் பொருந்தாது, தலை இரவெல்லாம் கீழே சரிந்தே இருக்கும். இலவம்பஞ்சுத் தலையணை நடுவில் குழிந்து ஓரத்தில் திரண்டிருந்தால், ஒரு பூத்துண்டை இறுகச் சுருட்டி உறைக்குள் கழுத்து வளைவு வரும் இடத்தில் செருகுங்கள். குப்புறப் படுக்கவே வேண்டாம்.

எழும்போது தலையை முதலில் தூக்காதீர்கள், வலி பிடுங்குவது அங்கேதான். முழங்காலை மடக்கி, உடம்போடு சேர்த்து ஒருக்களித்து, காலைக் கட்டிலிலிருந்து கீழே விட்டு, கையால் மெத்தையை அழுத்தி எழுங்கள். பாயில் படுப்பவர் ஒருக்களித்தபின் முழங்கையில் ஊன்றி, மண்டியிட்டு, சுவரையோ நாற்காலியையோ பிடித்து எழலாம். உட்கார்ந்தபின் ஒரு நிமிடம் பொறுங்கள்.

வீட்டு வேலையில் கழுத்தைக் கெடுப்பவை நாம் யோசிக்காதவை. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதை மூன்று வாரம் நிறுத்துங்கள். டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் ஆசாரம் ஒன்றும் கெடாது. அரிவாள்மனையில் குனிந்து மீன் அரிவதற்குப் பதில் மேசைமேல் பலகையும் கத்தியும். தலைக்குக் குளிக்கும்போது முன்னால் கவிழ்ந்து முடியை அலசாமல், ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊற்றிக்கொள்ளுங்கள். நனைந்த கூந்தலின் கனம் கொஞ்சமல்ல. கோலத்தைச் சில நாள் வேறு யாராவது போடட்டும். குனிந்து போட்டுவிட்டுச் சட்டென்று நிமிர்வதில் கழுத்து வலியோடு கண் இருட்டலும் சேர்ந்து வரும். போனைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து

ஐஸை விட்டுச் சூட்டுக்கு மாறலாம். கல் உப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள், நொச்சி இலையும் சேர்க்கலாம். கொடுக்கிறவர் தன் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்; சர்க்கரை நோயாளிக்குச் சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கூடாது, கொப்புளிக்கும்.

அசைவுப் பயிற்சியைப் படுத்தபடி தொடங்குங்கள். மெல்லிய தலையணையில் மல்லாந்து, தலையை வலப்பக்கம் வலி தொடங்கும் இடம் வரை மட்டும் உருட்டி, இரண்டு நொடி நிறுத்தி, நடுவுக்கு வந்து, இடப்பக்கம். ஐந்து முறை. அடுத்தது, முகவாயை லேசாகத் தொண்டைப் பக்கம் இழுத்துப் பின்கழுத்தை நீட்டுவது, "சரி" என்று தலையசைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது போல. ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை. பலர் இதைச் செய்யும்போது பல்லைக் கடிக்கிறார்கள், அல்லது தலையையே தூக்கிவிடுகிறார்கள். அப்போது முன்கழுத்தின் பெரிய தசை வேலை செய்கிறது, நமக்கு வேண்டிய ஆழ்தசை சும்மா இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும் கயிறு போலப் புடைத்தால் அதிகம் அழுத்துகிறீர்கள். மூன்றாவது, உட்கார்ந்து இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்து விடுவது, பத்து முறை. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இந்த மூன்றும். தலையை முழு வட்டமாகச் சுழற்றும் பயிற்சி வேண்டாம்.

செய்யும்போது கொஞ்சம் வலித்து அரை மணியில் அடங்கினால் சரி. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாம் வாரம் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி மெதுவாகத் தள்ளுங்கள், முழு பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஐந்து நொடி, ஐந்து முறை. பிறகு இரண்டு பக்க நெற்றிப்பொட்டு, பின்மண்டை. மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும், ஆகையால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், அது உள்காதில் கால்சியத் துகள் இடம் மாறியதாக இருக்கலாம். தலையில் அடிபட்டபின் வருவதுண்டு. காது மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பியே சரிசெய்வார். கழுத்து சரியாக இருக்கிறது என்று தெரியாமல் வீடியோ பார்த்து அதை வீட்டில் செய்யாதீர்கள்.

எக்ஸ்ரே அறிக்கையில் "எலும்புத் தேய்மானம்" என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். நாற்பதைத் தாண்டிய, வலியே இல்லாத ஏராளமானவர்களின் படத்திலும் அது இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வலி தணியும். சிலருக்கு ஆறு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். இரண்டு வாரத்தில் துளியும் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட். கைக்கு வலி இறங்குவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது என்றால் நாள் எண்ணாமல் மருத்துவர்.

ஏன் விழுந்தார்?

கழுத்தைக் கவனிக்கிற மும்முரத்தில் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். முதல் முறை காட்டும்போதே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நின்றதும் அழுத்தம் விழுகிறவர் என்று அர்த்தம். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் இவையெல்லாம் காரணமாகலாம். அட்டையோடு எடுத்துப் போங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருப்பவர் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் இருந்தவர் பார்த்ததுதான் மருத்துவருக்கு அதிகம் உதவும்: முகம் வெளுத்ததா, எவ்வளவு நேரம் நினைவில்லை, கை கால் வெட்டியதா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, தெளிந்தபின் எவ்வளவு நேரம் குழப்பம். மயக்கத்திலும் சில நொடி வெட்டு வரும், அதனால் மட்டும் வலிப்பு ஆகிவிடாது. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ விழுந்தது, படுத்திருக்கும்போதே நினைவு போனது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தது, நெஞ்சு படபடத்து விழுந்தது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவை இதய மருத்துவரைப் பார்க்க வேண்டிய மயக்கங்கள்.

மயக்கம் வருமுன் வேர்த்துக் கொட்டும், கொட்டாவி வரும், காது அடைக்கும், கண் பூச்சி பறக்கும். அந்தச் சில நொடியில் கௌரவம் பார்க்காமல் தரையில் படுத்துவிடுங்கள். முடியாவிட்டால் காலைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்க ஆண்களும் உட்கார்ந்துகொள்வது நல்லது. குளியலறைத் தாழ்ப்பாள் போட வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும்.

வண்டி, பஸ், கூடை

மயக்கத்தின் காரணம் தெரியும் வரை வண்டி ஓட்டக் கூடாது. தெரிந்தபின்னும், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிந்தால்தான் சாவியைத் தொடலாம். ஒரு கிலோவைத் தாண்டும் ஹெல்மெட்டின் கனமும் கழுத்தில்தான். கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் போயே ஆக வேண்டுமென்றால் நடு வரிசை. கடைசி சீட்டில் ஒவ்வொரு வேகத்தடையும் கழுத்தில் இறங்கும்.

துறைமுகத்து மீன் கூடையோ பண்ருட்டிப் பலாவோ, தலைச்சுமை தூக்குகிறவர்களுக்குச் சாதாரணக் கணக்கு ஒத்துவராது. சுமை நேராகக் கழுத்தெலும்பை அழுத்துகிறது. ஆறு வாரம் தலையில் எதுவும் வேண்டாம். அதுவரை இரண்டு கையிலும் சமமாகப் பிரித்தோ தள்ளுவண்டியிலோ கொண்டுபோகலாம். எலும்பில் முறிவு இருந்திருந்தால் மருத்துவர் சொன்னால் மட்டுமே. பிறகு சும்மாடு வைத்து வெறும் கூடையோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். வலியில்லை என்றால் இரண்டு கிலோ, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னும் இரண்டு. கை மரத்தால் அன்றே இறக்கிவிட வேண்டும். கூடையை ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் இன்னொருவர் இருக்கட்டும். தனியாக ஒரு கையால் சாய்த்து இறக்கும் அந்த வெட்டில்தான் ஆறிய கழுத்து மறுபடி பிடித்துக்கொள்கிறது.